பீவர் இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்

எவரெட், வாஷிங்டன்

அன்புள்ள செல்வம்,

உன் கடிதம் கிடைத்தது. பேத்தி பிறந்த செய்தியை வீட்டில் எல்லோருக்கும் படித்துக் காட்டினேன். முழங்கால் வலிக்கு டாக்டரைப் பார்த்தாயா என்பதை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டாய். அடுத்த கடிதத்தில் முதல் வரியே அதுவாக இருக்கட்டும்.

ரிட்டயர் ஆன பிறகு பொழுது எப்படிப் போகிறது என்று கேட்டிருந்தாய். இங்கே ஓடைக்கரையில் வீடும் நிலமும் வைத்திருப்பவர்களுக்கும் பீவர்களுக்கும் நடக்கும் தகராறைத் தீர்க்க உதவும் தன்னார்வலர்களோடு போய் வருகிறேன். பொதுப்பணித்துறையில் ஏரியும் மதகுமாக வாழ்ந்தவன் நீ, இதை உனக்குத்தான் விரிவாக எழுத வேண்டும்.

பீவர் கொறிக்கும் இனத்து விலங்கு. பதினைந்திலிருந்து முப்பது கிலோ வரை எடை இருக்கும். பல்லால் மரத்தைச் சாய்த்து, கிளையும் சேறும் கல்லும் வைத்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். தேங்கிய நீர்தான் அதற்குக் காவல். வீட்டு வாசல்கூடத் தண்ணீருக்கு அடியில்தான். ஒரு காலத்தில் இந்தக் கண்டத்தில் கோடிக்கணக்கில் இருந்தவை, ரோமத் தொப்பி மோகத்தில் அழிந்தன. 1820களில் ரோம வியாபாரம் செய்த பிரிட்டிஷ் ஹட்சன்ஸ் பே கம்பெனி, அமெரிக்க வேட்டைக்காரர்கள் உள்ளே வரக் கூடாது என்பதற்காகவே ஸ்நேக் ஆற்றுப் பக்கத்தில் பீவரைத் துடைத்தெடுக்கச் சொன்னது. அணைகள் உடைந்த ஓடைகள் தரையை அறுத்துக்கொண்டு ஆழமாக இறங்கின. வெள்ளம் கரையேறிப் பரவுவது நின்றது, நிலத்தடி நீர் இறங்கியது, கோடையில் நீர் சூடாகி மீன்குஞ்சுகள் தவித்தன.

எங்கள் பக்கத்துத் துலாலிப் பழங்குடியினருக்கு இது வயிற்றுப்பாடு, உரிமைப் பிரச்சினை. அமெரிக்க அரசோடு செய்துகொண்ட 1855 ஒப்பந்தம் அவர்களுக்கு மீன்பிடி உரிமையை உறுதி செய்கிறது. ஆற்றில் சால்மன் மீன் இல்லாவிட்டால் அந்த உரிமைக்கு என்ன பொருள்? 2014இல் அவர்கள் ஒரு வேலையைத் தொடங்கினார்கள். ஊருக்குள் தொல்லை என்று கொல்லப்படவிருந்த பீவர்களை உயிரோடு பிடித்து, ஸ்கைகோமிஷ் ஆற்றின் மேல்பகுதி ஓடைகளில் கொண்டுபோய் விட்டார்கள். பீவர்கள் நிலைத்த இடங்களில் குளம் பெருகியது, நிலத்தடியிலும் நீர் சேர்ந்தது, அணைக்குக் கீழே ஓடும் நீர் சராசரியாக 2.3 டிகிரி செல்சியஸ் குளிர்ந்தது என்று 2022இல் வெளியான ஆய்வு சொல்கிறது. சால்மன் குஞ்சுக்கு அந்த இரண்டு டிகிரி உயிர்ப் பிரச்சினை.

ஆனால் இடம் மாற்றுவது எளிதல்ல. ஆணா பெண்ணா என்று பார்த்தால் தெரியாது. வாலடிச் சுரப்பியின் கசிவை முகர்ந்து பார்க்க வேண்டும். என்ஜின் ஆயில் போல நாறினால் ஆண், பழைய சீஸ் போல நாறினால் பெண். குட்டிகள் இரண்டு வருஷம் தாய் தகப்பனோடு இருப்பவை, அதனால் குடும்பத்தைப் பிரிக்காமல் பிடிக்கப் பார்க்கிறார்கள். விடும் இடத்தில் வில்லோ மரமும் மெதுவான நீரோட்டமும் வேண்டும். அத்தனையும் பார்த்து விட்டாலும் பல பீவர்கள் தங்குவதில்லை. ஊர் தேடி அலையும்போது கரடிக்கோ, கூகர் என்னும் பெரிய காட்டுப்பூனைக்கோ இரையாகின்றன.

அதனால்தான் கூண்டு கடைசி வழியாக இருக்க வேண்டும் என்கிறேன். ஒரு குடும்பத்தைத் தூக்கிவிட்டால், உணவும் நீரும் நன்றாக உள்ள அதே இடத்துக்கு அடுத்த வருஷமே வேறொரு பீவர் வந்துவிடும். மீண்டும் புகார், மீண்டும் கூண்டு. மாறாக, மரத்தடியைச் சுற்றிக் கம்பி வலை கட்டினால் மரம் பிழைக்கும். குளத்து நீர் தோட்டத்துக்குள் ஏறினால், அணையை ஊடுருவி ஒரு பெரிய குழாயைப் பதிக்கிறோம். குழாயின் மேல் வாய் குளத்துக்குள் தள்ளி, வலைக்கூண்டுக்குள் இருக்கும். தண்ணீர் ஓடும் சத்தம் கேட்டால் பீவர் உடனே அடைக்க வரும்; வாய் அணையிலிருந்து விலகி இருப்பதால் நீர் எங்கே போகிறது என்று அதற்குப் பிடிபடுவதில்லை. நீர்மட்டம் குழாயின் உயரத்தோடு நிற்கும். குளமும் இருக்கும், தோட்டமும் நனையாது. "இதைக் கொன்றுவிடுங்கள்" என்று முதலில் கத்திய ஒரு விவசாயி, இப்போது குட்டிகளைப் பார்க்கப் பேரனைக் கூட்டி வருகிறார். எனக்கு அதைவிடப் பெரிய சந்தோஷம் சமீபத்தில் இல்லை.

2020இல் வந்த இன்னொரு ஆய்வையும் நினைத்துக்கொள்கிறேன். காட்டுத்தீயின்போது பீவர் இல்லாத ஓடைக்கரைகள், பீவர் உள்ள கரைகளைவிட மூன்று மடங்கு கூடுதலாகப் பசுமையை இழந்தன. ஒவ்வொரு கோடையும் புகையில் மூச்சுத் திணறும் எங்களுக்கு இது சின்ன விஷயமில்லை.

உன்னிடம் ஒரு உதவி. இலைதழை வந்து அடைத்துக்கொள்ளும் வலைக்கூண்டில் நீரோட்டம் எவ்வளவு குறையும் என்று நாங்கள் குத்துமதிப்பாகத்தான் போடுகிறோம். மதகு முகப்பில் கம்பிச் சட்டம் வைக்கும்போது நீங்கள் எப்படிக் கணக்கிடுவீர்கள்? எழுதி அனுப்பு. வீட்டில் எல்லோரையும் விசாரித்ததாகச் சொல்.

அன்புடன்,
ரவி