தடுப்பூசி நாளில் தாயையும் கேளுங்கள்

திருநெல்வேலி மாவட்டச் சுகாதார அலுவலர் அவர்களுக்கு,

வணக்கம். புதன்கிழமைதோறும் நம் மாவட்டத்துத் துணை சுகாதார நிலையங்களில் நடக்கும் தடுப்பூசிப் பணியின்போதே, பிரசவத்துக்குப் பின் தாய்க்கு வரும் மனச்சோர்வையும் கேட்டறிய வேண்டும் என்ற ஒரு வேண்டுகோளை வைக்கவே இம்மடலை எழுதுகிறேன். பிரசவமான 6ஆவது வாரத்தில் தாய் வரும்போது குழந்தையின் எடையைப் பார்த்து, தொடையில் ஐந்து நோய்களைத் தடுக்கும் பென்டாவேலன்ட் ஊசி போட்டு, அட்டையில் அடுத்த தேதியைக் குறித்துக் கொடுக்கிறார்கள். செவிலியர்களின் உழைப்பில் குறை சொல்ல எதுவுமில்லை. ஆனால், "பிள்ளை தூங்கும்போதாவது உனக்குத் தூக்கம் வருதாம்மா?" என்று அந்தத் தாயிடம் கேட்கும் வழக்கத்தை நான் அங்கே கண்டதில்லை.

கர்ப்பக் காலத்தில் நஞ்சுக்கொடி பெருமளவில் சுரந்த ஈஸ்ட்ரோஜன், புரோஜெஸ்டிரோன் என்ற ஹார்மோன்கள், நஞ்சு விழுந்த சில நாட்களிலேயே அடியோடு சரிந்துவிடுகின்றன. இவை கருப்பையோடு நின்றுவிடுபவை அல்ல. ஈஸ்ட்ரோஜன், மனநிலையோடு தொடர்புடைய செரடோனின் என்ற வேதிப்பொருள் மூளையில் செயல்படும் விதத்தை மாற்றுகிறது, புரோஜெஸ்டிரோனிலிருந்து உருவாகும் அல்லோப்ரெக்னனோலோன் பதற்றத்தைத் தணிக்கிறது. இந்தச் சரிவு எல்லாத் தாய்மார்க்கும் உண்டென்றாலும், சிலருடைய மூளை அதைத் தாங்குவதில்லை. வறுமையும், குடிக்கும் கணவனும், பெண் குழந்தை என்றதும் முகம் சுளிக்கும் வீடும் சேர்ந்துகொண்டால் அந்தச் சுமை இன்னும் கூடுகிறது. இரண்டு வாரத்துக்குள் தானாக அடங்கும் அழுகை வேறு. அதற்கு மேலும் நீளும் மனச்சோர்வு மருத்துவம் தேவைப்படும் நோய்.

தைராய்டையும் மறந்துவிடலாகாது. என் தங்கை மகள் தலைப்பிரசவம் முடிந்த சில மாதங்களில், மடியில் பீடித்தட்டை வைத்துக்கொண்டு, வெட்டிய இலையைச் சுற்றாமல் வெறித்தபடியே உட்கார்ந்திருப்பாள். காத்துக்கருப்பு என்று சொல்லி விபூதி போட்டார்கள். தனியார் மருத்துவமனை ஒன்றில் இரத்தம்கூடப் பார்க்காமல் தூக்க மாத்திரை கொடுத்தார்கள். தைராய்டின் நிலையைக் காட்டும் டி.எஸ்.எச். இரத்தப் பரிசோதனை செய்த பிறகுதான் தைராய்டு குறைவு என்று தெரிந்தது. பிரசவத்துக்குப் பிந்தைய ஓராண்டுக்குள் தைராய்டு சுரப்பி அழற்சிக்கு உள்ளாவது அறியப்பட்ட ஒன்றுதான். அதன் சோர்வு மனச்சோர்வைப் போலவே தோன்றும் என்பதால், அந்த ஒரு பரிசோதனையை விட்டுவிடக் கூடாது.

பிரசவத்துக்குப் பிந்தைய மனச்சோர்வின் அறிகுறிகளைக் கேட்டறிய 1987இல் வெளியான எடின்பரோ வினாப்பட்டியலில் 10 கேள்விகளே உள்ளன. தமிழிலும் அது பயன்பட்டிருக்கிறது. மதிப்பெண் கூடினால் நோய் என்று முடிவுகட்டக் கூடாது, மருத்துவர் பார்க்க வேண்டும் என்றே பொருள். கடைசிக் கேள்வி தன்னை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் பற்றியது. அதற்கு 'ஆம்' என்று பதில் வந்தால், அன்றைக்கே மாவட்ட மனநலத் திட்ட மருத்துவரிடமோ பாளையங்கோட்டை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ துணையோடு அனுப்பிவைக்க வேண்டும். 14416 என்ற, தொலைபேசி வழி மனநல ஆலோசனை தரும் அரசின் டெலி மானஸ் எண்ணையும் தடுப்பூசி அட்டையிலேயே எழுதிக் கொடுக்கலாம்.

மாத்திரை சாப்பிட்டால் பால் கெட்டுவிடும் என்ற அச்சம் வீடுகளில் ஆழமாக இருக்கிறது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் செர்ட்ராலின் மாத்திரை தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே கலக்கிறது என்பதையும், மருத்துவர் மேற்பார்வையில் பால் கொடுத்துக்கொண்டே அதை எடுக்கலாம் என்பதையும், பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும் என்பதையும் செவிலியரே சொன்னால் குடும்பம் நம்பும்.

தாயைத் தனியாக உட்கார வைத்துக் கேட்பது மிக முக்கியம். மாமியார் பக்கத்தில் நிற்கையில் "நல்லாத்தான் இருக்கேன்" என்பதைத் தவிர வேறு பதில் வராது. பிந்தித் தொடங்கும் மனச்சோர்வும் உண்டு என்பதால், 6ஆவது வாரத்தில் கேட்பதோடு நில்லாமல், 14ஆவது வார ஊசி நாளிலும் இதே கேள்விகளைத் திரும்பக் கேட்குமாறு தாங்கள் உத்தரவிட வேண்டுகிறேன்.

இப்படிக்கு,
அம்பாசமுத்திரம் வட்டத்துப் பெண்மணி ஒருவர்