ஓரத்தில் வெட்டுப்பட்ட கையெழுத்து

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். நகைச்சுவைச் சித்திரக்காரர்களைப் பற்றித் தங்கள் இதழில் வந்த கட்டுரையைக் கோட்டையூரில் எங்கள் வீட்டுப் பட்டாலையில் அமர்ந்து படித்து முடித்த கையோடு, மாடியறையிலிருந்த பழைய பைண்டு புத்தகம் ஒன்றை இறக்கித் தூசி தட்டினேன். ஆனந்த விகடனில் கொத்தமங்கலம் சுப்பு எழுதிய 'தில்லானா மோகனாம்பாள்' தொடரை எங்கள் அப்பத்தா வாராவாரம் கிழித்துச் சேர்த்துத் தைக்கக் கொடுத்த தொகுதி அது. 1968-இல் திரைப்படம் வருவதற்கு முன்பே, சிக்கல் சண்முகசுந்தரத்தின் மிடுக்கையும் மோகனாம்பாளின் ஒயிலையும் எங்கள் வீட்டார் ஓவியர் கோபுலுவின் கோடுகளில் பார்த்துவிட்டார்கள். ஆனால் பைண்டு செய்தவர் ஓரத்தை ஒழுங்குபடுத்துவதாக எண்ணிக் கத்தி வைத்ததில், சில பக்கங்களில் 'கோபு' மட்டும் மிஞ்சி 'லு' போய்விட்டது. பின்பக்கத்தில் தற்செயலாகத் தப்பிய துணுக்குப் படங்களில் அந்தப் பாதிப் பெயர்கூட இல்லை.

பைண்டரை மன்னித்துவிடலாம், பத்திரிகையை மன்னிப்பது கடினம். சங்கீத வித்துவான்களை நாலே கோட்டில் பிடித்த மாலி, அவர் பெயர் சூட்டி வளர்த்த கோபுலு, பிற்காலத்தில் முன்ஜாக்கிரதை முத்தண்ணாவையும் ரெட்டைவால் ரெங்குடுவையும் தந்த மதன் என்று கட்டுரையில் விரிவாக எழுதியிருக்கும் தாங்கள், கூடவே மறுபதிப்பு செய்த மூன்று துணுக்குப் படங்களின் கீழே வரைந்தவர் பெயரையோ வெளிவந்த ஆண்டையோ குறிப்பிடவில்லை. 1987-இல் அட்டைப்படத் துணுக்கு ஒன்றுக்காக விகடன் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியன் சிறைக்கு அனுப்பப்பட்டதை இன்றும் எல்லாரும் சொல்கிறார்கள். அந்தப் படத்தை வரைந்த கை யாருடையது என்று கேட்டவரை நான் சந்தித்ததில்லை. சிரிப்பைத் துணுக்கு எழுதியவருக்கும் துணிச்சலை ஆசிரியருக்கும் கொடுத்துவிட்டு, சித்திரக்காரரை வெறுங்கையோடு அனுப்புவது நம்மிடம் பழகிப்போன வழக்கம்.

எங்கள் ஊர்க்காரரான ரோஜா முத்தையா பெயர்ப்பலகை எழுதும் ஓவியராக இருந்தவர். அவர் கோட்டையூர் வீட்டில் சேர்த்த பழைய நூல்களும் இதழ்களும் இன்று சென்னையில் அவர் பெயரிலுள்ள ஆராய்ச்சி நூலகத்தில் இருக்கின்றன. அங்கே ஒருநாள் செலவிட்டால் பல படங்களுக்குப் பெயரும் ஆண்டும் கிடைத்துவிடும். இனி மறுபதிப்பு செய்யும் படங்களுக்கேனும் அவற்றைச் சேர்த்து அச்சிடுமாறு கேட்டுக்கொள்கிறேன். எங்கள் தொகுதியிலுள்ள படங்கள் உதவுமானால் ஸ்கேன் செய்து அனுப்பத் தயார். ஓரம் மட்டும் இருக்காது.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகர்,
கோட்டையூர், சிவகங்கை மாவட்டம்.