சென்ட் ஃபேக்டரி என்ன விலைக்கு மல்லி வாங்குகிறது என்பதையும் போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கோடை வந்தால் பத்திரிகைகளில் தவறாமல் ஒரு செய்தி வரும். மல்லி வரத்து கூடியது, விலை சரிந்தது, அரசே சென்ட் ஃபேக்டரி தொடங்க வேண்டும் என்று விவசாயிகள் கோரிக்கை. நானும் நிலக்கோட்டை பக்கம் பூ விவசாயம் பார்க்கிற குடும்பம்தான், கோரிக்கையில் தப்பே இல்லை. ஆனால் ஃபேக்டரிக்குள் போன பூ என்ன ஆகிறது என்று யாரும் எழுதக் காணோம், அது தெரியாததால் கோரிக்கையும் அரைகுறையாகவே நிற்கிறது.

மல்லியை விடியற்காலையில் மொட்டாகப் பறிக்கிறோம், தொடுக்க அதுதான் வாகு. சென்ட்டுக்கு மொட்டு உதவாது. விரியும்போதுதான் அதில் வாசனை ஊறுகிறது, செடியை விட்டுப் பறித்த பிறகும் ஊறுகிறது. அதனால் பகலில் வந்து இறங்கும் மொட்டைத் தரையில் மெல்லிசாகப் பரப்பி, பொழுது சாய்ந்து விரியும்வரை காத்திருக்கிறார்கள். குவியலாகக் கிடந்தால் உள்ளே சூடேறிப் பழுத்துவிடும், கையை விட்டுப் பார்த்துப் பார்த்துக் கிளறிவிட ஆள் நிற்க வேண்டும். அந்த நேரத்தில் ஷெட்டுக்குள் போனால் வாசனையில் தலை கிறுகிறுக்கும்.

விரிந்த பூவைத் தட்டுகளில் அடுக்கி, மூடிய கலனுக்குள் வைத்து, ஹெக்ஸேன் என்ற கரைப்பானை விட்டு இரண்டு மூன்று முறை அலசுவார்கள். ரோஜா, வெட்டிவேர் மாதிரி ஆவியில் வடிக்க மல்லி ஒத்துவராது, சூடு பட்டால் வாசனை கெட்டுவிடும். (உத்தரப் பிரதேசத்து கன்னோஜ் ஊரில் செப்புப் பானையில் வடித்துச் சந்தன எண்ணெயில் இறக்குகிறார்களே, அந்த அத்தர் வேறு சரக்கு.) ஹெக்ஸேனை அதிகம் சூடு காட்டாமல் பிரித்து எடுத்துவிட்டால் மெழுகு போல ஒன்று மிஞ்சும், அதற்குப் பெயர் கான்கிரீட். அதை ஆல்கஹாலில் கரைத்து, பூஜ்ஜியம் டிகிரிக்குக் கீழே குளிரவைத்து, உறைந்த மெழுகை வடிகட்டி, ஆல்கஹாலையும் நீக்கினால் கிடைப்பதுதான் அப்சல்யூட். வெளிநாட்டு சென்ட் கம்பெனிகள் விலை கொடுத்து வாங்குவது இதைத்தான். ஆயிரம் கிலோ மல்லி போட்டால் கான்கிரீட் இரண்டு கிலோ கிடைப்பதே பெரிது, அதிலிருந்து அப்சல்யூட் ஏறக்குறைய ஒரு கிலோதான் தேறும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். மல்லி கிலோ ஆயிரம் ரூபாய்க்கு விற்கிற முகூர்த்த நாளில் வாங்கினால், ஒரு கிலோ அப்சல்யூட்டுக்குப் பூச்செலவு மட்டுமே பத்து லட்சம். அந்த விலைக்கு எடுக்க ஆள் இல்லை. போதாக்குறைக்கு பென்சைல் அசிடேட் மாதிரி செயற்கைச் சரக்கு மலிவாகக் கிடைக்கிறது, கடையில் மல்லி வாசனை என்று விற்கும் மலிவு பாட்டிலில் பெரும்பாலும் பூவே கிடையாது. ஆக, சென்ட் ஃபேக்டரி என்பது பூ விலை விழுந்து கிடக்கும் மாதங்களை நம்பி ஓடுகிற தொழில். அரசு நடத்தினாலும் இதே கணக்குதான். ஃபேக்டரி வந்தால் விலை ஏறிவிடும் என்று மேடையில் பேசுகிறவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

அதற்காக ஃபேக்டரி வேண்டாம் என்று சொல்லவில்லை. பூவைக் குப்பையில் கொட்டுகிற நிலைமை வராமல் அது தடுக்கும், சரி. ஆனால் சீசனுக்கு முன்பே, இந்த விலைக்குக் கீழே வாங்க மாட்டோம் என்று எழுத்தில் ஒப்பந்தம் வேண்டும். கான்கிரீட்டோடு நிறுத்தாமல் அப்சல்யூட் வரை இங்கேயே எடுக்க வேண்டும், அதில் விவசாயிகள் சங்கத்துக்குப் பங்கு வேண்டும். மல்லி வரத்து குறைந்த மாதங்களில் சம்பங்கியைப் போட்டு இயந்திரத்தை ஓட்டலாம். மதுரை மல்லிக்கு 2013-இல் புவிசார் குறியீடு வாங்கினோம், அந்தப் பெயரைச் சொல்லி அப்சல்யூட்டுக்கும் கூடுதல் விலை கேட்கலாமே.

உங்களிடம் கேட்பது ஒன்றுதான். தினமும் மார்க்கெட் நிலவரத்தில் மல்லி விலை போடுகிறீர்கள். அதற்குப் பக்கத்திலேயே, அன்றைக்கு சென்ட் ஃபேக்டரிகள் கிலோ என்ன விலைக்கு எடுத்தன என்று ஒரு வரி சேர்த்துப் போடுங்கள். ஏஜென்ட் சொல்வதுதான் விலை என்று எங்கள் ஆட்கள் சாக்கை அவிழ்த்துக் கொட்டிவிட்டு வருவது அப்போதாவது குறையும்.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
நிலக்கோட்டை