டிக்கெட் எழுதாத டிரங்க் கால்

கோத்தகிரி
ஞாயித்துக்கிழமை

அடியேய் புஷ்பா,

நல்லா இருக்கியா, முட்டி எப்படி இருக்கு, பேத்திக்குப் பல்லு வந்துச்சா. இங்க எல்லாரும் நலம். சீசன் ஆரம்பிச்சாச்சு, ரோட்ட தாண்டவே அரை மணி நேரம் ஆகுது.

போன வாரம் நீ போன்ல, "கார்த்திகைல ஒரு ராத்திரி கூப்பிட்டு அழுதியே, இப்ப பரவால்லயா"ன்னு கேட்டப்போ நான் ஆமா ஆமான்னேன்ல, அது சுத்தப் பொய்டி. என்னைக்கு கூப்பிட்டேன், எதுக்கு அழுதேன், ஒண்ணுமே எனக்குத் தெரியாது. 43 நிமிஷம்னு நீ கணக்கு வேற சொன்ன, ஆபரேட்டர் புத்தி போகுமா உனக்கு. அதான் போன் வேணாம்னு லெட்டர் எழுதறேன். இதுன்னா என்ன சொன்னேன்னு எனக்கே ஒரு ஜெராக்ஸ் இருக்கும்.

மாமா போனப்போ தூக்கமே இல்லன்னு ஒரு டாக்டர் அல்பிரசோலம் எழுதினார்ல, 2016-ல, பதினஞ்சு நாளைக்குன்னு. அந்தப் பதினஞ்சு நாளு எட்டு வருஷம் ஆயிடுச்சு. மொதல்ல 0.25 மில்லிகிராம், அது பத்தாம 0.5, அதுவும் பத்தாம சோல்பிடம்னு இன்னொரு தூக்க மாத்திரை 10 வேற. மருந்துக்கடைக்காரப் பையன் என் மூஞ்சியப் பாத்ததும் எடுத்து வெச்சிருவான். அட்டையில செவப்புக் கட்டம் போட்டு, டாக்டர் சீட்டில்லாம விக்கக்கூடாதுன்னு அச்சடிச்சே இருக்கு. 2014-லேர்ந்து அதையெல்லாம் ஹெச் 1 லிஸ்ட்ல சேத்து, வாங்கறவங்க பேர தனி நோட்டுல எழுதணும்னு சட்டமாம். எம் பேர அவன் எந்த நோட்டுல எழுதினானோ! அவன மட்டும் சொல்லி என்ன, நானும்தான அக்கா வந்தாச்சு குடுப்பான்னு நின்னேன்.

ஞாபகம் போறது தெரிஞ்சுது, மாத்திரைன்னு தோணல. அம்மாவுக்கு வந்தது எனக்கும் வந்துருச்சுன்னு முடிவு பண்ணி யார்கிட்டயும் மூச்சு விடல. குன்னூர் டெலிபோன் எக்ஸ்சேஞ்ச் போர்டுல உக்காந்து எத்தன எஸ்டேட், எத்தன டீ ஃபேக்டரி, யாரு வீட்டு நம்பர் எதுன்னு புக்கப் பாக்காம போட்டவ நான், கண்ணாடி மேடமே என்னைத்தான கேப்பாங்க. அப்படிப்பட்டவகிட்ட பொண்ணு ஒரு ராத்திரி போன் பண்ணி மாசமா இருக்கேம்மான்னு சொல்லியிருக்கா, மறுநாள் காலைல நானே அவளக் கூப்பிட்டு "என்னடி, விசேஷம் ஏதும் உண்டா"ன்னு கேட்டிருக்கேன். அவ ஒண்ணும் பேசாம வெச்சுட்டா. இத எழுதும்போதே கை நடுங்குது.

அப்புறம் கரடி. சிரிக்காத. மார்கழில, நல்ல உறைபனி, காலைல எந்திரிச்சு வந்தா பின்கதவு ஆன்னு தெறந்து கெடக்கு, நல்லெண்ண பாட்டில் கடிபட்டு உருண்டிருக்கு, தரையெல்லாம் எண்ண. எண்ண வாசத்துக்கு அது வீடு தேடி வர்றது இங்க புதுசா என்ன? ஆனா அடுப்பு மேல வாணல்ல ரவை வறுத்து வெச்சிருந்துச்சு, பக்கத்துல வெங்காயம் பொடிசா நறுக்கியிருந்துச்சு. கரடியா உப்புமா கிண்டும்? நல்லவேள, கேஸ் ஆஃப் ஆகியிருந்துச்சு. அதையும் நான்தான் ஆஃப் பண்ணியிருக்கணும்.

பயத்துல அன்னைக்கே ரெண்டு மாத்திரையையும் கக்கூஸ்ல கொட்டிட்டேன். பெரிய வீராங்கனை. மூணு நாளுடி, எனக்கு வாழ்க்கையில அப்படி ஒண்ணு வந்ததில்ல, அந்தப் பனில நைட்டி நனைஞ்சு வேர்க்குது, கை நடுங்கி டம்ளர் புடிக்க முடியல, குக்கர் விசில் அடிச்சா மண்டைக்குள்ள அடிக்குது, கண்ண மூடினா தூக்கிப் போடுது. பையன் வந்து அள்ளிப் போட்டுக்கிட்டு வேற டாக்டர்கிட்ட, மனநல டாக்டர்கிட்ட, கூட்டிட்டுப் போனான். அவர் அந்த நடுக்கத்தப் பாத்து, இன்னும் ரெண்டு நாள் விட்டிருந்தா ஃபிட்ஸே வந்திருக்கலாம், எட்டு வருஷம் போட்டத யாராவது ஒரே நாள்ல நிறுத்துவாங்களான்னு திட்டினார். தைராய்டு, பி 12, தலைக்கு ஸ்கேன், எல்லாம் சரி. அம்மா வியாதி இல்ல புஷ்பா. அங்கயே அழுதுட்டேன்.

அவர் சொன்னது நம்ம பாஷையில இதுதான். கால் வருது, போர்டுல லைட் எரியுது, நீ பேசற, சிரிக்கிற, ஆனா யாரு யாரக் கூப்பிட்டா, எத்தன நிமிஷம்னு குறிக்கற டிக்கெட்ட எழுதல. இந்த மாத்திரை புதுசா பதியறதத்தான் தடுக்கும், பழசத் தொடாது. அதான் 1985 போர்டு நம்பரெல்லாம் ஒப்பிக்கறேன், நேத்து ராத்திரி இல்ல. சோல்பிடத்துக்கு எந்திரிச்சு நடக்கறது, சமைக்கறது எல்லாம் உண்டாம். அமெரிக்காவுல 2013-லயே பொம்பளைங்களுக்கு 5 போதும்னு கொறைக்கச் சொல்லி, 2019-ல மருந்தோட குறிப்புத் தாள்லயே கட்டம் கட்டி எச்சரிக்கை போட வெச்சுட்டாங்களாம். எனக்கு 10 எழுதினவருக்கு அது தெரியாதா? சரி விடு, அத நெனச்சா இருக்கற தூக்கமும் போகுது.

இப்ப ரெண்டையும் சேத்து டயசிபாம்ங்கிற ஒரே மாத்திரையா மாத்திட்டார். அல்பிரசோலம் பொசுக்குன்னு எறங்கிரும், டயசிபாம் நாள்கணக்குல ஒடம்புல நிக்குமாம், அதனால மெதுவா கொறைக்கலாம். 15-ல ஆரம்பிச்சோம், பதினஞ்சு நாளைக்கு ஒரு மில்லிகிராம், இப்ப 8. ஒவ்வொரு தடவ கொறைக்கும்போதும் நாலஞ்சு நாள் நாய்ப்பாடு, எல்லாரையும் கடிக்கறேன். அப்புறம் அடங்குது. போன செவ்வாய்க்கிழமை மதியம் என்ன கொழம்புன்னு சட்டுனு ஞாபகம் வந்துச்சு, அவரக்காய். பெருமையா பையன்கிட்ட சொன்னா அவன் ஒரு மாதிரி பாக்கறான்.

இப்ப ஒன் விஷயம். ஒன் மருமக என்கிட்ட போட்டுக் குடுத்துட்டா, நீயும் நாலு வருஷமா இதையேதான் போடறியாம். அவள வெய்யாத. என் லெட்டரப் படிச்சுட்டு வீராப்பா நாளைக்கே நிறுத்திராதடி, என் தல மேல சத்தியம். எழுதிக் குடுத்தவர்கிட்டயே போயி எப்படிக் கொறைக்கறதுன்னு கேளு, அவர் சிரிச்சு மழுப்பினா இங்க வா, நான் கூட்டிட்டுப் போறேன். முட்டிவலின்னு சாக்கு சொல்லாத, மேட்டுப்பாளையத்துக்கு பையன் கார் எடுத்துட்டு வருவான்.

இன்னொண்ணு. எழுதாத டிக்கெட்டு எழுதாததுதான், இனிமே தேடினாலும் கெடைக்காதுன்னு டாக்டர் சொல்லிட்டார். ஆனா அந்த 43 நிமிஷத்துக்கு அந்தப் பக்கம் நீ இருந்தியே. நான் என்னென்ன பேசினேன்னு ஒண்ணு விடாம எழுதி அனுப்பு, மாமாவப் பத்தி ஏதாவது சொல்லியிருந்தா அதையும், உன்னையத் திட்டியிருந்தா அதையும்.

சாந்தா

(வர்க்கி அனுப்பறேன். நொறுங்கினா போஸ்ட்மேனத் திட்டாத.)