இடவப்பாதி கழிந்தும் வராத மகளுக்கு

மக்களே,

கண்ணூரிலிருந்து நீ அனுப்பிய படங்கள் கிடைத்தன. சாமியாக வேஷம் கட்டித் தெய்யம் ஆடுகிறவருக்கு முகத்தில் வரைகிற அந்த முகத்தெழுத்துப் படத்தைப் பெரிதாக்கி அம்மாவிடம் காட்டினேன். கோலக்காரர் பாயில் மல்லாந்து கிடக்கிறார். எழுதுகிறவர் தலைமாட்டில் குனிந்து, ஈர்க்குச்சியால் கண்ணோரம் சிவப்பு வைக்கிறார். நாற்பது வருஷம் ஸ்டுடியோ நடத்திய எனக்கு அப்படி ஒரு படம் வாய்த்ததில்லை. ஃபிளாஷ் போடாமல் ஓலைச்சூட்டு வெளிச்சத்திலேயே எடுத்திருக்கிறாய். தீச்சாமுண்டித் தெய்யம் கனலில் விழுவதை எடுக்கத்தான் எல்லோரும் முண்டுவார்கள். நீயோ, தலையில் கிரீடமாக முடி ஏற்றியபின் கண்ணாடியில் தன் முகம் பார்த்து அந்த மனுஷர் தெய்வமாகிற நொடிக்குக் காத்திருந்தாய்.

ஆனால் மக்களே, ஐப்பசியில் துலாம் பத்துக்குத் தொடங்குகிற தெய்யம் வைகாசி நடுவில் இடவப்பாதியோடு முடியும், முடிந்ததும் வருவேன் என்று நீதான் சொன்னாய். இப்போது கர்க்கடகம், நம்ம ஆடி, பிறந்தாச்சு. கேட்டால் மழையை எடுக்கிறேன் என்கிறாய். மலைப்பக்கம் போகாதே. மழையை எடுக்கப் போன போட்டோகிராஃபர் விக்டர் ஜார்ஜ் 2001 ஜூலை 9-ஆம் தேதி இடுக்கியில் மண்சரிவில்தான் போனார். எப்பேர்ப்பட்ட கலைஞர். நேரத்துக்குச் சாப்பிடு. மலைப்பக்கம் மட்டும் போகாதே, கேட்டியா?

கடைசிப் படம், அந்த ஓட்டு வீட்டுத் திண்ணை. இறவாரத்துத் தண்ணீர் நூல் நூலாக நன்றாக விழுந்திருக்கிறது. ஓரத்தில் இரண்டு கட்டஞ்சாயா கிளாஸ், இரண்டிலும் ஆவி பறக்கிறது. அம்மா கவனிக்கவில்லை. லென்ஸில் ஈரம் ஏறாமல் பார்த்துக்கொள்.

ஒன்று சொல்ல வேண்டும். பிளஸ் டூ முடித்து, போட்டோகிராஃபி படிப்பேன் என்று நீ நின்றபோது, ரிப்பேருக்குக் கொடுத்த யாஷிகா கேமரா காணாமல் போய்விட்டது என்றேன். காணாமல் போகவில்லை. நான்தான் தக்கலையில் ஒருவருக்கு விற்றேன். பெண்பிள்ளை ராவும் பகலும் கேமராவோடு அலைவதா என்ற பயம். அந்தப் பணத்தில்தான் உன் பி.காம். ஃபீஸைக் கட்டினேன். நீ இரண்டு நாள் சாப்பிடாமல் கிடந்தாய். நான் பக்கத்தில் உட்கார்ந்து, ஒரு பாவமும் அறியாத ரிப்பேர்க்காரனைத் திட்டினேன். இத்தனை வருஷம் சொல்ல வாய் வரவில்லை. அப்பாவிடம் சொன்னால் தடுத்துவிடுவார் என்று நீ எதையாவது மனதில் வைத்திருந்தால், அது நான் செய்த வினைதான்.

பரசுராம் எக்ஸ்பிரஸில் ஏறினால் ராத்திரிக்குள் குழித்துறை. ஸ்டேஷனில் வந்து நிற்பேன். தனியாகத்தான் வரவேண்டும் என்றில்லை. அம்மாவிடம் நான் பேசிக்கொள்கிறேன்.

அப்பா