மில்லிங் மெஷினையும் மரப்பெட்டியையும் பிரித்து விற்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். கோவையில் கணபதி, பீளமேடு பக்கம் அப்பா காலத்துப் பட்டறையைக் காலி செய்கிறவர்களுக்கு ஒரு வேண்டுகோள். உலோகத்தைச் செதுக்கி வடிவமைக்கும் மில்லிங் மெஷினை ஒருவருக்கு விற்றுவிட்டு, கூடவே கிடக்கும் மரப்பெட்டிச் சாமான்களைப் பழைய இரும்புக் கடையில் எடைக்குப் போட்டுவிடுகிறார்கள். தயவுசெய்து அப்படிச் செய்யாதீர்கள்.

சமீபத்தில் உறவினர் பட்டறையில் ஒரு சின்ன மில்லிங் மெஷினைப் பார்க்கக் கூப்பிட்டார்கள். ஆள் உயரம்கூட இல்லை. பெயர்த்தகடு இருந்த இடத்தில் ரிவெட் துளைகள் மட்டும்தான். மேசைக்கு, நகர்வை அளக்கும் டயல் கேஜ் வைத்துக் கைச்சக்கரத்தைச் சுற்றிப் பார்த்தேன். சுற்றுக்கு 2.54 அல்லது 5.08 மி.மீ. நகர்ந்திருந்தால் அங்குல மெஷின்; இது மெட்ரிக். ஆனால் அதை மட்டும் நம்பி எந்த ஊரில் செய்தது என்று சொல்லிவிட முடியாது. ஒரே மாடலை ஏற்றுமதிக்காக அங்குலத்திலும் செய்திருப்பார்கள்.

விடை பெட்டிக்குள் இருந்தது. கிரீஸ் காய்ந்து கிடந்த காலெட்டுகளை, அதாவது வெட்டுக்கருவியை இறுகப் பிடிக்கும் பிளவுக் குழாய்களைத் துடைத்ததும் 'டபிள்யூ 20' என்ற எழுத்து தெரிந்தது. உடல் விட்டம் 20 மி.மீ., பின்பக்க மரையின் புரி இடைவெளி 1.666 மி.மீ. இதே ஆர்8 என்ற வகைக் காலெட்டாக இருந்தால் அமெரிக்காவின் பிரிட்ஜ்போர்ட் மெஷின் வழி என்று யோசித்திருப்பேன். டபிள்யூ 20 என்றால் முதலில் சுவிட்சர்லாந்தின் ஷாப்ளின், அசியேரா மெஷின்கள்தான் நினைவுக்கு வரும். அப்புறம் பழைய கேட்டலாக் படத்தோடு ஒப்பிட்டதில், கடிகாரத் தொழிலுக்குப் பேர்போன லெ லோக்ல் ஊரில் செய்த அசியேரா எஃப்3 என்று உறுதியானது. எவ்வளவு அருமையான மெஷின் அது!

அந்தக் காலெட்டுகள் போயிருந்தால் என்ன ஆகும்? வாங்குகிறவர், கையிலிருக்கும் கருவி பொருந்தவில்லை என்று கருவியைச் சுழற்றும் அச்சான ஸ்பிண்டிலை, மோர்ஸ் டேப்பர் என்ற கூம்புத் துளைக்குக் குடைந்துவிடுவார். அப்படிக் குடைந்த ஸ்பிண்டில்களைப் பார்த்து வயிறு எரிந்திருக்கிறேன். டபிள்யூ 20 காலெட் இன்றும் புதிதாகவே கிடைக்கிறது. பெயர் தெரிந்தால் போதும், வாங்கிவிடலாம்.

ஓட்டை போட்ட வட்டத் தட்டுகளும் அப்படித்தான். அவை, வேலைத்துண்டைச் சம பாகங்களாகத் திருப்பி நிறுத்தும் டிவைடிங் ஹெட்டின் இண்டெக்ஸ் பிளேட். பெரும்பாலான ஹெட்டில் கைப்பிடியை 40 சுற்று சுற்றினால் வேலைத்துண்டு ஒரு முழுச்சுற்று வரும். அதில் 36 பல் கியர் வெட்ட, பல்லுக்கு ஒரு முழுச் சுற்றும், 18 துளை வட்டத்தில் 2 துளையும் நகர்த்த வேண்டும். 18 துளைத் தட்டைத் தொலைத்துவிட்டால் இந்தக் கணக்கு வெறும் காகிதத்தில்தான் இருக்கும். கட்டரை மாட்டும் தண்டான ஆர்பர், அதன் இடைவளையங்கள், காலெட்டை இழுத்து இறுக்கும் டிராபார், வேலைத்துண்டின் மறுமுனையைத் தாங்கும் ஹெட்டுக்கான டெயில்ஸ்டாக் எல்லாமே அந்த மெஷினின் உறுப்புகள். தனியாக எடைக்குப் போட்டால் சில நூறு ரூபாய் தேறும், அவ்வளவுதான்.

நம் ஊர் பாலிடெக்னிக்குகளும் ஐ.டி.ஐ.களும் மாதத்தில் ஒரு மாலை, கருவிகள் செய்யும் பட்டறையான டூல்ரூமைத் திறந்துவைத்து, இப்படிப் பெயர் தெரியாத சாமான்களைக் கொண்டுவருபவர்களுக்கு அளந்து பார்த்துச் சொல்லலாம். மாணவர்களுக்கும் நல்ல பாடம். என்னைப் போல ஓய்வுபெற்றவர்கள் சம்பளம் கேட்காமல் வந்து உட்காருவோம். ஏதாவது ஒரு கல்லூரி முன்வந்தால் அந்தச் செய்தியை உங்கள் பத்திரிகை வெளியிட வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற டூல்ரூம் ஃபிட்டர்,
கணபதி, கோவை.