பாத்ரூமை உடைக்கும் முன்

அன்புள்ள கண்ணு,

ஞாயிற்றுக்கிழமை ராத்திரி நீ ஃபோன் செய்தபோது டிவி ஓடிக்கொண்டிருந்தது. அப்பா வேறு நடுநடுவே புகுந்து பேசினார். சொல்ல நினைத்ததில் பாதியைக்கூட நான் சொல்லவில்லை. வாட்ஸ்அப்பில் பேசி அனுப்பலாம்தான். ஆனால் அம்மா குரலை நீ ஒன்றரை மடங்கு வேகத்தில் ஓடவிட்டுக் கேட்கிறாய் என்று மருமகள் போட்டுக்கொடுத்துவிட்டாள். காகிதத்தை அப்படி ஓட்ட முடியாதே, அதனால் எழுதுகிறேன்.

கீழ்வீட்டு அம்மா வந்து, தங்கள் பாத்ரூம் கூரையில் ஓதம் ஏறிச் சுண்ணாம்பு உதிர்கிறது என்றார்கள். நீ கூப்பிட்ட பிளம்பர் அண்ணாந்து ஒரு பார்வை பார்த்துவிட்டு, "மேலே முழுசா உடைக்கணும் சார்" என்றார். நீயும் வீட்டு ஓனரிடம் அப்படியே சொல்லப்போவதாகச் சொன்னாய். கொஞ்சம் பொறு. உடைக்க வேண்டியும் வரலாம். ஆனால் எந்தத் தண்ணீர் இறங்குகிறது என்று தெரியாமல் உளி எடுப்பவரை நான் வீட்டுக்குள் விடமாட்டேன்.

கூரையில் இறங்கும் தண்ணீர் மூன்று இடத்திலிருந்து வரலாம். ஒன்று, தொட்டியிலிருந்து வருகிற குழாய். அதில் இரவு பகலாக அழுத்தம் இருப்பதால் நீங்கள் ஊரில் இல்லாவிட்டாலும் கசியும், ஓதம் காயவே காயாது. இரண்டாவது, கழிவுநீர் போகிற குழாய். குளித்தால், துணி அலசினால் மட்டும்தான் அதில் கசியும். மூன்றாவது, டைல்ஸ் இடுக்கு. வெள்ளைச் சிமெண்ட் தேய்ந்து போன இடத்தில் தண்ணீர் இறங்கி, அடியில் தேங்கி, மெதுவாகக் கீழே சொட்டும். மழை பெய்தால் மட்டும் ஓதம் கூடுகிறது என்றால் உன் பாத்ரூமுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை, வெளிச்சுவரைத்தான் பார்க்க வேண்டும். இதைக் கீழ்வீட்டு அம்மாவிடம் கேட்டாலே தெரிந்துவிடும்.

உங்களுக்கு இரண்டு பாத்ரூம் இருப்பது நல்லதாகப் போயிற்று. அந்தப் பாத்ரூமை இரண்டு நாள் யாரும் தொடவேண்டாம். ஆனால் அதன் வால்வு திறந்தே இருக்கட்டும். கீழே சொட்டுவது நிற்கவில்லையா? வருகிற குழாயில்தான் கோளாறு. நின்றுவிட்டதா? அப்படியானால் கழிவுக் குழாய் அல்லது தரை. இப்போது ஒரு வாளித் தண்ணீரில் கேசரி பவுடரைக் கலந்து, தரையை நனைக்காமல் நேராக நகானி ட்ராப்பின், அதாவது தரையில் தண்ணீர் போகிற துளையின், வாய்க்குள் ஊற்று. கீழே ஆரஞ்சு நிறமாக இறங்கினால் ட்ராப் இணைப்பு விட்டிருக்கிறது. நிறம் வராவிட்டாலும் ஈரம் கூடினால் அதுவே சாட்சி. ஒன்றும் ஆகவில்லை என்றால் ட்ராப்பில் துணியை அடைத்து, தரையில் ஒரு அங்குலம் தண்ணீர் நிறுத்தி ஒரு நாள் விட்டுப் பார். அதற்கும் முன்பே கீழே ஒழுக ஆரம்பித்தால் துணியை எடுத்துவிடு, பதில் கிடைத்துவிட்டது.

இடுக்குதான் காரணம் என்றால் பழைய சிமெண்டைச் சுரண்டி எடுத்து, தண்ணீர் புகாத எபாக்சி பசையைப் பூசினாலே பெரும்பாலும் போதும், ஒரு டைல்ஸைக்கூட உடைக்க வேண்டாம். ட்ராப் என்றால் அதைச் சுற்றி இரண்டு மூன்று டைல்ஸ் போகும். அந்தக் குழாய் கீழ்வீட்டுக் கூரையில் வெளியே தெரிகிற மாதிரி தொங்கினால் அங்கிருந்தே முடித்துவிடலாம். முழுசாக உடைப்பது கடைசி வழி.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று மருமகள் கேட்பாள். அப்பா துபாயில் இருந்த பதினோரு வருஷமும் இந்த வீட்டுக் குழாய்களோடு மல்லுக்கட்டியது நான்தான். எனக்குப் பாடம் எடுத்தது அந்தப் பொள்ளாச்சிக் கல்யாணம். நீ அப்போது ஒன்பதாம் வகுப்பு, உனக்கு ஞாபகம் இருக்கும். இரண்டு நாள் கழித்து வந்து கதவைத் திறந்தால் ஹாலில் செருப்பு மிதந்து வந்தது. கக்கூஸ் பக்கத்தில் இருக்கும் கை ஸ்ப்ரே, அந்த ஹெல்த் ஃபாசெட்டின் ஹோஸ் வெடித்திருந்தது. தண்ணீர் பாத்ரூம் தரையில் இருக்கும் ஜாலி வழியாகப் போயிருக்க வேண்டும். ஆனால் கால்மிதி சரிந்து ஜாலியை மூடிக்கொண்டது. தொட்டி ஆயிரம் லிட்டர். பத்துக்குப் பத்து அறையில் கொட்டினால் நாலு அங்குலம் நிற்கும். அதோடு போயிருந்தால்கூடப் பரவாயில்லை, புதிதாக வாங்கிய ஆட்டோமேட்டிக் கருவி, தொட்டி காலியாகக் காலியாக மோட்டாரைப் போட்டு, தரைக்கு அடியில் இருக்கும் சம்ப்பையும் சேர்த்துக் காலி செய்துவிட்டது. பிளைவுட் பீரோவின் அடிப்பாகம் ஊறி உப்பி, என் கல்யாணப் புடவையின் கரை சாயம் இறங்கி... அதை விடு.

அந்த ஹோஸ் ஏன் வெடித்தது என்பதைத்தான் நீ கவனிக்க வேண்டும். தொட்டிக்கும் குழாய்க்கும் பத்து மீட்டர் உயர வித்தியாசம் இருந்தால் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் மேலும் ஏறக்குறைய ஒரு கிலோ அழுத்தம். இரும்புக் குழாய் அதைத் தாங்கும். ஹெல்த் ஃபாசெட்டின் பளபளப்பான உறைக்குள் இருப்பது மெல்லிய ரப்பர் குழாய்தான், இருபத்து நாலு மணி நேரமும் தாங்கும் சங்கதி அல்ல. அதனால்தான் பின்னால் சுவரில் ஆங்கிள் காக் என்று ஒரு சின்ன வால்வு இருக்கிறது. கையில் இருக்கும் விசையை விட்டால் தண்ணீர் நிற்கிறதே என்று எல்லோரும் அதைத் திறந்தே போட்டுவிடுகிறார்கள். நீ ஒவ்வொரு தடவையும் மூடு. வாஷிங் மெஷின் குழாயும் அப்படித்தான், துவைத்து முடித்ததும் மூடிவிடு. ஆர்.ஓ. மெஷினுக்கு வரும் வெள்ளைக் குழாய் பென்சில் பருமன்தான், ஆனால் ராத்திரி கழன்றுகொண்டால் காலையில் சமையலறையில் குளம். வெளியூர் போகும்போது அதன் வால்வை மட்டுமல்ல, வீட்டுக்கான மெயின் வால்வையே மூடிவிட்டுப் போ.

மெயின் வால்வு எங்கே இருக்கிறது என்று உனக்குத் தெரியுமா? ஃபோனில் கேட்டேன், "எங்கேயோ ஷாஃப்ட்ல இருக்கும்மா" என்றாய். இந்த ஒன்றுக்குத்தான் எனக்கு உன்மேல் கோபம். இன்றைக்கே வாட்ச்மேனைக் கூட்டிக்கொண்டு போய்ப் பார், மூடித் திற, எந்த வால்வு எந்தக் குழாய்க்கு என்று பெயிண்டில் எழுதி வை, மருமகளுக்கும் காட்டு. மூன்று மாதத்துக்கு ஒரு தடவை எல்லா வால்வையும் ஒரு சுற்றுச் சுற்றிவிடு. வருஷக்கணக்கில் அசைக்காத கேட் வால்வு உப்புப் படிந்து இறுகிக்கொள்ளும். அவசரத்தில் பலமாகத் திருகினால் தண்டு முறிந்து கையோடு வந்துவிடும். அங்கே போர் தண்ணீர்தானே? நம் ஊரிலாவது சிறுவாணி ஆற்றுத் தண்ணீர் என்று ஒன்று உண்டு. உப்புத் தண்ணீர் எல்லாவற்றையும் அரிக்கும்.

கீசரையும் அதுதான் தின்னும். கீசரின் அடியில் இருக்கும் சேஃப்டி வால்விலிருந்து சுடும்போது இரண்டு சொட்டு விழுந்தால் பயப்படாதே, அது தன் வேலையைச் செய்கிறது. அந்த ஓட்டையை மட்டும் யாரையும் அடைக்க விடாதே. ஆனால் உடம்பிலிருந்தே தண்ணீர் வழிந்தால் உள்தொட்டி ஓட்டை, பற்றவைக்கிறேன் என்பவரை நம்பாதே, மாற்றத்தான் வேண்டும். அப்போது முதலில் மின்சாரத்தை நிறுத்து, வால்வுக்கு அப்புறம் போ. சுவிட்ச் போர்டு பக்கமோ லைட் வழியாகவோ தண்ணீர் இறங்கினாலும் இதேதான். மின்சார மெயினை அணை, எலக்ட்ரீஷியனைக் கூப்பிடு, அதற்குப் பிறகு பிளம்பர். ஈரத்தில் நின்றுகொண்டு சுவிட்சைத் தொடாதே.

சமையலறையில் பிளம்பருக்கு வேலை கொடுப்பது நாமேதான். பணியாரம் சுட்ட எண்ணெயையும் காப்பித் தூளையும் சிங்க்கில் கொட்டினால் அடைக்காமல் என்ன செய்யும். எண்ணெயைப் பழைய பேப்பரில் துடைத்துக் குப்பையில் போடு. அடைத்துவிட்டால் ஆசிட் ஊற்றாதே. முக்கியமாக, ப்ளீச்சிங் பவுடர் போட்ட இடத்தில் ஆசிட் பட்டால் குளோரின் வாயு கிளம்பும், சின்ன சமையலறையில் மூச்சு அடைத்துவிடும். ஒரு ரப்பர் பம்ப் வாங்கி அழுத்திப் பார், இல்லாவிட்டால் சிங்க்குக்கு அடியில் ஒரு வாளி வைத்துவிட்டு பாட்டில் ட்ராப்பைக் கையாலேயே கழற்று. மருமகளின் கம்மல்கூடக் கிடைக்கலாம்.

தண்ணீர் கேனைப் பற்றியும் சொன்னாள். குடுவையில் கவிழ்த்து வைத்தால் தானாகப் பொங்கி வழிகிறதாம், பூனை தட்டிவிட்டது என்று நினைத்தீர்களாம். கேனில் கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருக்கிறது. உள்ளே காற்று புகாமல் இருப்பதால்தான் தண்ணீர் நிற்கிறது. ஊசி முனை அளவு ஓட்டை இருந்தாலும் காற்று போய்த் தண்ணீரைத் தள்ளிவிடும். கேனைத் திருப்பிக் கொடு, பூனையை விட்டுவிடு.

நீயே செய்யக்கூடியவை என்று பார்த்தால் ஆங்கிள் காக்கை மூடிவிட்டு ஹோஸ் மாற்றுவது, பழைய திருகு குழாய்க்கு வாஷர் போடுவது, ஷவரில் உப்பு அடைத்ததை வினிகரில் ஊறவைப்பது, இவ்வளவுதான். கால் சுற்றுத் திருப்பினாலே திறக்கும் குழாய்களில் வாஷர் இருக்காது, உள்ளே இருக்கும் கார்ட்ரிட்ஜையே மாற்ற வேண்டும். குழாய் மரையில் சுற்றும் வெள்ளை டெஃப்லான் டேப்பை, திருகும் திசையிலேயே சுற்று, எதிராகச் சுற்றினால் பூட்டும்போது உரிந்து வந்துவிடும். ஃப்ளஷ் டேங்க்கில் கொஞ்சம் கேசரி பவுடரைப் போட்டுக் கால் மணி நேரம் ஃப்ளஷ் செய்யாமல் இரு. கோப்பையில் நிறம் தெரிந்தால் வாஷர் போயிற்று. சத்தமே இல்லாமல் போகிற தண்ணீர்தான் அதிகம். நம் பின்கட்டுக் குழாய் சொட்டியபோது அடியில் பாட்டில் வைத்துப் பார்த்தேன், ஒரு மணி நேரத்தில் அரை லிட்டர். ஒரு நாளைக்குப் பன்னிரண்டு லிட்டர், மருமகளும் நீயும் குடித்துச் சமைக்கப் போதும். 2019 கோடையில் தண்ணீர் லாரிக்காகக் குடத்தோடு நின்ற சென்னையில் இருக்கிறாய்.

சுவருக்குள்ளிருந்து கசிவு, ஒட்டின இணைப்பில் கசிவு, எல்லா ஜாலியிலும் ஒரே நேரத்தில் தண்ணீர் திரும்பி மேலே வருவது, மூட முடியாத வால்வு, இவற்றில் கை வைக்காதே, பிளம்பரைக் கூப்பிடு. எம்-சீல் பசையைப் பூசி அழுத்தக் குழாயை நிறுத்தப் பார்க்காதே, நாலு நாள் ஏமாற்றும். திரும்பி வருவது கழிவுநீர் என்றால் அசோசியேஷனில் சொல்லி, கழிவுநீர் உறிஞ்சும் லாரியை வரவழை. யாராவது "ஆளை இறக்கிடலாம்" என்று ஆரம்பித்தால் நீ குறுக்கே நில். பாதுகாப்பில்லாமல் கழிவுநீர்க் குழிக்குள் ஆளை இறக்குவதை 2013 சட்டமே தடுக்கிறது, சட்டம் இல்லாவிட்டாலும் அது கூடாது.

பிளம்பர் வந்தால் பக்கத்தில் இரு, காப்பி கொடு, ஆனால் கேள்வியும் கேள். எந்த லைன், ஏன் என்று சொல்லத் தெரிந்தவருக்கு உடைக்கும் உரிமை உண்டு. குளியல் வெந்நீருக்குப் போகும் சிபிவிசி குழாய்க்குத் தனிப் பசை. வெள்ளை யுபிவிசிக்கு உள்ள பசையை அதில் தடவ விடாதே. ஒட்டியதும் உடனே தண்ணீர் திறக்காமல் ஒரு ராத்திரி காயட்டும். சுவரைப் பூசி மூடும் முன் டேப் வைத்து அளந்து ஃபோட்டோ எடுத்து வை. அடுத்து ஆணி அடிக்கும்போது அது உதவும்.

செலவு யாருடையது என்று கேட்டாய். மாடிப் போர்ஷனை வாடகைக்கு விட்டபோது நானே படித்துப் பார்த்தேன். 2017 தமிழ்நாட்டு வாடகைச் சட்டத்தில் குழாய் வாஷர், அடைப்பு, கீசர் ரிப்பேர் எல்லாம் குடியிருப்பவர் தலையில், பைப் மாற்றுவதும் கட்டட ரிப்பேரும் ஓனர் தலையில். உன் ஒப்பந்தத்தில் வேறு எழுதியிருக்கிறதா என்றும் பார்த்துக்கொள். அதனால்தான் சோதனையின் ஃபோட்டோக்களோடு ஓனருக்கு எழுத்தில் சொல் என்கிறேன்.

கீழ்வீட்டு அம்மாவிடம் முகம் கொடுத்துப் பேசு. அவர்கள் கூரை ஒழுகுகிறது, கோபம் வரத்தான் செய்யும். இரண்டு நாள் சோதனைக்கு அவர்கள் ஒத்துழைப்பும் வேண்டுமே.

வியாழக்கிழமை சேரன் எக்ஸ்பிரஸில் கிளம்புகிறோம், வெள்ளிக் காலை சென்ட்ரலில் இருப்போம். அப்பாவின் பெரிய பைப் ரெஞ்சைக் கொண்டுவரச் சொன்னாயே, அது ஆங்கிள் காக் பக்கத்துச் சந்தில் நுழையாது. டேப் வைத்து இடைவெளியை அளந்து புதன்கிழமைக்குள் சொல்லு, சின்னதை எடுத்து வைக்கிறேன். கேசரி பவுடர் அங்கேயே வாங்கிக்கொள்.

அன்புடன்
அம்மா